யு-9 நீர்மூழ்கியின் போர்க்கணக்கைத் தொகுப்பது எப்படி: சிங்கப்பூரிலிருந்து செய்யும் வழி

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. காலையில் வடகடலில் யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை (பெரிய போர்க்கப்பல்களை) ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. அன்றிரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கப்பலுக்கே இரும்புச் சிலுவை என்ற கௌரவத்தை ஜெர்மன் பேரரசர் கெய்சர் முதல் உலகப்போரில் கொடுத்தது இந்த இரண்டுக்கு மட்டும்தான். எம்டனைப் பற்றித் தமிழில் எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. யு-9 பற்றித் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். அகப்படுவதிலும் தேதி, டன் கணக்கு, தலைவர் பெயர் மூன்றும் அடிக்கடி குழம்பிக் கிடக்கும்.

பள்ளித் திட்டப்பணியோ, கட்டுரையோ, மாதிரிக் கப்பலுக்குப் பக்கத்தில் வைக்கும் தகவல் பலகையோ, எதற்காக இருந்தாலும் ஒரு பழைய நீர்மூழ்கியின் போர்க்காலக் கணக்கைப் பிசகில்லாமல் தொகுக்க ஒரு முறை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. கணினி, நூலக உறுப்பினர் அட்டை, எக்செல் தாள் இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதலில் எந்தப் படகு என்று உறுதி செய்யுங்கள்

வேறு எந்தத் தப்பையும்விட இதில் விழுபவர்கள்தான் அதிகம். யு-9 என்ற எண் ஒன்றுக்கு மேற்பட்ட ஜெர்மன் படகுகளுக்கு உண்டு. நமக்கு வேண்டியது 1910 ஏப்ரல் 18 அன்று பணியில் சேர்ந்த, டான்சிக் அரசுக் கப்பல்தளத்தில் கட்டிய முதல் யு-9. இன்னொன்று 1935இல் வந்த சிறிய படகு. 1944 ஆகஸ்ட்டில் கருங்கடல் ஓரத்துக் கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்தில் குண்டுவீச்சில் அழிந்தது. பழைய படகின் நினைவாக இதன் கோபுரத்தில் இரும்புச் சிலுவைச் சின்னம் பொருத்தியிருந்தார்கள். அதனால் சிலுவை தெரியும் படத்தைப் பார்த்ததும் 1914 என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்; அநேகமாக அது இரண்டாம் உலகப்போர்ப் படமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு முதல் உலகப்போரிலேயே யுபி-9, யுசி-9 என்று வேறு படகுகளும் உண்டு. யுபி வரிசை கரையோரச் சிறு படகுகள், யுசி வரிசை கண்ணிவெடி விதைப்பவை. நடுவில் ஓர் எழுத்து விடுபட்டால் வேறொரு படகின் வெற்றி உங்கள் அட்டவணையில் வந்து உட்கார்ந்துவிடும்.

எக்செல் தாளின் மேற்பகுதியில் படகின் அளவுகளை எழுதி வையுங்கள். நீளம் சுமார் 57.4 மீட்டர், அகலம் 6 மீட்டர். இடப்பெயர்ச்சி (படகு விலக்கும் நீரின் எடை) நீர்மேல் 493 டன், நீருக்குள் 611 டன். வேகம் நீர்மேல் மணிக்கு 14 கடல்மைலுக்குச் சற்று மேல், நீருக்குள் 8. மின்கலத்தில் மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் போனால் 80 கடல்மைல் தாங்கும். டார்பிடோ, அதாவது நீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டு, ஏவும் 45 சென்டிமீட்டர் குழாய்கள் முன்னே 2, பின்னே 2. மொத்தம் 6 டார்பிடோ. இவை அழகுக்கு அல்ல. பின்னால் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும்போது இந்த எண்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

எஞ்சின் விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். யு-9க்கு டீசல் கிடையாது. கோர்டிங் நிறுவனத்தின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள்தான். பகலில் வெள்ளைப் புகையும் இரவில் தீப்பொறியும் கக்கும். மூழ்குவதற்கு முன் மேல்தளத்துப் புகைக்குழாயை இறக்கியாக வேண்டும். ஜெர்மன் படகுகளில் டீசல் முதலில் வந்தது யு-19இல். யு-9 டீசலில் ஓடியது என்று எழுதும் கட்டுரை கண்ணில் பட்டால், அதன் மற்றத் தகவல்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

தாளில் என்ன பத்திகள் வேண்டும்

ஒன்பது பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: தேதி, ஆவணத்தில் உள்ளபடியே நேரம், கிரீன்விச் நேரம், ஆவணத்தில் உள்ளபடியே இடம், அட்சரேகை தீர்க்கரேகை, நிகழ்ச்சி, டன் எண்ணும் அதன் வகையும், எந்தத் தரப்பு ஆவணம், ஒத்துப்போகிறதா இல்லையா. நேரத்துக்கும் இடத்துக்கும் இரண்டிரண்டு பத்தி ஏன் என்று தோன்றும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால், பிசகு ஆவணத்திலா உங்கள் கணக்கிலா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. மூலத்தில் உள்ளதை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

ஒரே நிகழ்ச்சிக்கு ஜெர்மன் தரப்பு ஒரு வரி, பிரிட்டிஷ் தரப்பு ஒரு வரி எனத் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதுவது இந்த வேலையைக் கெடுக்கும்.

நேரத்தைக் கிரீன்விச்சுக்கு மாற்றுவது

1914இல் பிரிட்டிஷ் கப்பல்கள் வைத்திருந்தது கிரீன்விச் நேரம். ஜெர்மன் படகுகள் மத்திய ஐரோப்பிய நேரம், அதாவது ஒரு மணி கூடுதல். பிரிட்டிஷ் பதிவில் காலை 6:20 என்பது ஜெர்மன் நாட்குறிப்பில் 7:20 ஆக இருக்கும். இரண்டையும் இரண்டு வேறு தாக்குதல் என்று எண்ணிவிடக்கூடாது. ஜெர்மன் நாட்குறிப்புகளில் 24 மணிக் கணக்கு இல்லை. முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் சுருக்கெழுத்துதான். பிற்பகல் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் 12 மணிநேரம் தவறிவிடும்.

சிங்கப்பூரில் அப்போது கிரீன்விச்சுக்கு 7 மணி கூடுதல். இன்றைய 8 மணி அல்ல. இந்தியாவில் ஐந்தரை. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் குரூசர் அடிபட்டது கிரீன்விச் 6:20. எம்டன் சென்னையைச் சுட்டது இந்திய நேரம் இரவு 9:30 அளவில், அதாவது கிரீன்விச் மாலை 4:00. இடைவெளி 9 மணி 40 நிமிடம். கடிகார எண்களை அப்படியே கழித்தால் 15 மணி 10 நிமிடம் என்று வரும்.

ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்றும் பிரிட்டன் மே 21 அன்றும் கோடைநேரத்துக்கு மாறின. யு-9 அதற்குள் போர்முனையை விட்டுவிட்டது. ஆனால் இதே முறையில் வேறு படகைத் தொகுப்பவர்களுக்கு அந்த மூன்று வாரம் தலைவலி கொடுக்கும். ரஷ்யத் தரப்பு ஆவணம் எடுத்தால் தேதியே 13 நாள் பின்தங்கியிருக்கும், பழைய நாட்காட்டி. 1915 ஜூலையிலிருந்து யு-9 பால்டிக்கில் இருந்ததால் இது உங்களுக்கும் பொருந்தும்.

செப்டம்பர் 22: ஒரே வரியைப் பிரித்துப் போடுவது

இந்த ஒரு நாளைக் கவனமாக நிரப்பினால் மற்ற நாட்களுக்கு முறை பிடிபட்டுவிடும். இடம் ஹாலந்துக் கரைக்கு அப்பால் பிராட் ஃபோர்ட்டீன்ஸ் என்ற ஆழம் குறைந்த பகுதி. வடக்கு 52 பாகை 18 நிமிடம், கிழக்கு 3 பாகை 41 நிமிடம் அளவில். அங்கே ஆழம் ஏறக்குறைய ஒரே சீராக 14 பாகம் (ஒரு பாகம் 6 அடி), மீட்டரில் சுமார் 26. படகின் நீளம் 57 மீட்டர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். செங்குத்தாக நிறுத்தினால் பாதிக்கு மேல் வெளியே நிற்கும் அளவு தண்ணீரில்தான் இத்தனையும் நடந்தது.

மூன்று கப்பல்களும் ஒரே வகை, ஒவ்வொன்றும் 12,000 டன்: அபூகீர், ஹோக், கிரெஸி. இவற்றோடு ரோந்தில் இருந்த யூரியலஸ் நிலக்கரி ஏற்ற இரண்டு நாள் முன்னரே போய்விட்டது. நான்கு கப்பல் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்கவில்லை. மோசமான கடலால் காவல் டெஸ்ட்ராயர்களும் உடன் இல்லை. மூன்றும் மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் வளையாமல் நெளியாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தன.

பிரிட்டிஷ் நேரப்படி வரிகள் இப்படி வரும்: 6:20 அபூகீர் அடிபட்டது. அதன் தலைவர் கண்ணிவெடி என்று நினைத்து மற்ற இரண்டையும் உதவிக்குக் கிட்ட வரச் சொன்னார். 6:55 ஹோக் அடிபட்டது, ஏறக்குறைய அதே நேரத்தில் அபூகீர் கவிழ்ந்து மூழ்கியது. 7:15 ஹோக் மூழ்கியது. 7:20, 7:30 கிரெஸி இரண்டு முறை அடிபட்டது, 7:55 மூழ்கியது. இறந்தவர்கள் 1,459, காப்பாற்றப்பட்டவர்கள் 837. டச்சுக் கப்பல்கள் ஃப்ளோராவும் டைட்டனும் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளும் ஆட்களைத் தூக்கின.

இப்போது டார்பிடோக் கணக்கு. அபூகீருக்கு முன்குழாயிலிருந்து 1. ஹோக்குக்கு முன்குழாய் இரண்டிலிருந்தும் 2. கிரெஸிக்குப் பின்குழாய்களிலிருந்து 2, அதில் ஒன்று தப்பியது. கடைசியாக முன்குழாயிலிருந்து 1. கூட்டினால் 6, படகில் இருந்தது மொத்தமும் தீர்ந்தது. முன்குழாய் இரண்டு மட்டும் இருக்க முன்பக்கமாகவே 4 டார்பிடோ போயிருக்கிறது. அப்படியானால் சண்டைக்கு நடுவே நீருக்குள்ளேயே இரண்டு முறை குழாயை நிரப்பியிருக்க வேண்டும். அதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு விடை இரண்டு மாதம் முன்னால் இருக்கிறது: 1914 ஜூலை 16 அன்று நீருக்குள் மறுநிரப்பலை முதன்முதலில் செய்துகாட்டியது இதே படகுதான். அந்த ஜூலை வரியைத் தாளில் சேர்க்காதவர்களுக்குச் செப்டம்பர் வரி புரியாது.

ஹோக் மீது இரண்டு டார்பிடோவும் சேர்ந்து வெளியேறியதும் முன்பக்கம் திடீரென இலேசாகிப் படகின் மூக்கு நீருக்கு மேலே வந்துவிட்டது. ஹோக்கின் பீரங்கிகள் சுட்டன. ஒவ்வொரு டார்பிடோவும் அரை டன்னுக்கு மேல் எடை என்பதைக் கணக்கில் எடுத்தால் இது வியப்பில்லை. படகு தெரிந்த நேரத்தைப் பிரிட்டிஷ் சாட்சிகளும் குறித்திருப்பதால், இரு தரப்பு வரிகளையும் பொருத்திப் பார்க்க இதுவே நல்ல ஆணி.

டன்னைக் கூட்டும்போது

போர்க்கப்பலுக்குச் சொல்லும் டன் இடப்பெயர்ச்சி, அதாவது எடை. வணிகக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் சொல்வது பதிவு டன், அது கொள்ளளவு. ஒரு டன் 100 கன அடி. இரண்டையும் ஒரே கூட்டலில் போடுவது கிலோவையும் லிட்டரையும் கூட்டுவது மாதிரி. யு-9இன் போர்க்கப்பல் கணக்கைத் தனியாகப் போடுங்கள்: 12,000 மூன்று முறை, 1914 அக்டோபர் 15 அன்று அபர்டீனுக்கு அப்பால் மூழ்கிய ஹாக் 7,350, ஆக 43,350 டன். 1915 மே தொடக்கத்தில் வடகடலில் பிடித்தவை பெரும்பாலும் சிறு மீன்பிடி இழுவைப்படகுகள். எண்ணிக்கை கூடும், டன் கூடாது. எத்தனை கப்பல் என்பதை மட்டும் வைத்து ஒரு படகின் திறமையை அளக்கும் பழக்கம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகும்.

ஹோக், ஹாக் இரண்டும் தமிழில் ஒரு கொம்பு வித்தியாசம். தட்டச்சில் மாறிவிட்டால் செப்டம்பர் கப்பல் அக்டோபரில் மறுபடி மூழ்கும். பெயருக்குப் பக்கத்தில் கட்டிய ஆண்டையும் போடுங்கள். ஹாக் 1891இல் நீரில் இறங்கிய பழைய கப்பல், 1911இல் ஒலிம்பிக் பயணிகள் கப்பலோடு மோதியதும் இதுதான். ஹாக்கில் இறந்த 524 பேரை முந்திய 1,459 உடன் சேர்க்காமல் தனியே வையுங்கள். அதன் சிதைவை முக்குளிப்பாளர்கள் 2024 ஆகஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள்.

தலைவரின் கணக்கு வேறு, படகின் கணக்கு வேறு

நான்கு போர்க்கப்பல்களும் ஓட்டோ வெட்டிகென் தலைமையில் மூழ்கியவை. 1915 ஜனவரியில் அவர் விலக, அதுவரை அவருக்குக் கீழே கண்காணிப்பு அதிகாரியாக (வாட்ச் ஆபீசர்) இருந்த யொஹானஸ் ஷ்பீஸ் பொறுப்பேற்றார். வெட்டிகென் யு-29க்கு மாறி, 1915 மார்ச் 18 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே டிரெட்நாட் போர்க்கப்பல் மோதியதில் படகோடு மாண்டார். அந்த மார்ச் மாதத்து வெற்றிகள் யு-29இன் கணக்கு. யு-9இன் தாளில் அவற்றுக்கு இடமில்லை. வெட்டிகென் இறந்ததோடு யு-9உம் போய்விட்டது என்று முடிக்கும் கட்டுரைகளும் உண்டு. படகு போர் முடியும்வரை இருந்தது: 1916 ஏப்ரல் 20 முதல் பயிற்சிப் படகு, 1918 நவம்பர் 26 அன்று சரணடைந்தது, 1919இல் மோர்கேமில் உடைக்கப்பட்டது. ஆகவே 1916 ஏப்ரலுக்குப் பிறகு யு-9 ஏதோ கப்பலை மூழ்கடித்ததாக வரி கிடைத்தால் உடனே எண்ணைச் சரிபாருங்கள்.

தோல்வியும் கணக்கில் வரவேண்டும். 1914 ஆகஸ்ட் 6 அன்று ஹெலிகோலாந்திலிருந்து 10 படகுகள் கிளம்பின. யு-9 எஞ்சின் கோளாறால் திரும்பிவிட்டது. அந்தப் பயணத்தில் போன யு-13உம் யு-15உம் திரும்பவில்லை. இந்த வரியை விட்டுவிட்டு நேரே செப்டம்பருக்குத் தாவினால் மண்ணெண்ணெய் எஞ்சினின் கதை பாதி போய்விடும்.

வேகச் சோதனை

இரண்டு அடுத்தடுத்த வரிகளின் இடங்களை வரைபடத்தில் குறித்துத் தூரத்தை அளங்கள், இடைப்பட்ட மணியால் வகுங்கள். நீர்மேல் 14க்கு மேல் வந்தால் ஏதோ ஒரு வரி தப்பு. நாள் முழுக்க 14 ஓடவும் முடியாது. சராசரி 10 என்று வைத்தால் நாளுக்கு 240 கடல்மைல். நீருக்குள் 80 கடல்மைலைத் தாண்டினால் நடுவில் எங்கோ மேலே வந்து மின்கலம் ஏற்றியிருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஜெர்மன் நாட்குறிப்பில் இடம் பெரும்பாலும் கட்ட எண்ணாக இருக்கும். அதற்குரிய ஜெர்மன் கட்ட வரைபடம் இல்லாமல் ஊகித்து அட்சரேகை போடாதீர்கள், பத்தியைக் காலியாகவே விடுங்கள். திசையைப் படிக்கும்போது காந்தத் திசையா உண்மைத் திசையா என்று பாருங்கள். அக்காலத்தில் வடகடலில் இரண்டுக்கும் பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம்.

சிங்கப்பூரில் எங்கே தேடுவது

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் தொடக்கம். தமிழ் முரசு 1935இல்தான் வந்தது, ஆகவே 1914க்கு ஆங்கில நாளிதழ்களே கதி: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ். தேதி வரம்பை 1914 செப்டம்பர் 23 முதல் ஒரு வாரத்துக்கு வையுங்கள். படகின் எண்ணைத் தேடாதீர்கள். தாக்கியது எந்தப் படகு என்று முதல் நாட்களில் இங்கே யாருக்கும் தெரியாது. மூழ்கிய கப்பல்களின் பெயரைத் தட்டுங்கள். பழைய அச்சை இயந்திரம் படித்த எழுத்துகள் என்பதால் பெயர் சிதைந்திருக்கும். அபூகீர் கிடைக்கவில்லை என்றால் கிரெஸி, அதுவும் இல்லையென்றால் தந்திச் செய்திப் பக்கத்தை நாள்வாரியாகப் புரட்டுங்கள். பிறகு எண்ணைத் தேடும்போது இடைக்கோட்டோடு, இடைவெளியோடு, புள்ளியோடு என மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்.

தந்திச் செய்தியை உண்மைச் செய்தியாக எடுக்காதீர்கள். முதல் பிரிட்டிஷ் அறிக்கைகளில் பல நீர்மூழ்கிகள் சேர்ந்து தாக்கியதாகவே சொன்னார்கள். ஒரே படகு மூன்று பெரிய கப்பல்களை ஒன்றரை மணிநேரத்தில் முடித்தது என்பதை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தியையும் தாளில் போடுங்கள், ஆனால் ‘இங்கே எப்படித் தெரிந்தது’ என்ற தனி வரியாக. தமிழ் வாசகருக்கு இதுவே சுவையான பகுதி: அதே வாரத்துப் பக்கங்களில் சென்னைச் செய்தியும் கிடக்கும், எது பெரிய எழுத்தில் வந்தது என்று நீங்களே பார்க்கலாம். 1915 பிப்ரவரியில் தேடினால் சிங்கப்பூர்ச் சிப்பாய்க் கலகமும் தாங்லின் முகாமின் ஜெர்மன் கைதிகளும் வந்து குவியும். தேடலில் கப்பல் பெயரையும் சேர்த்தால் குறையும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத நூல்கள். படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நூலில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டியிருக்காது, ஆகவே போகும் முன்னரே எந்தத் தேதிகளில் உங்களுக்கு ஓட்டை இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் போங்கள்.

மூல ஆவணத்துக்கு: ஜெர்மன் நீர்மூழ்கிகளின் போர் நாட்குறிப்புகள் ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகத்தில் ஆர்எம் 97 என்ற தொகுதியில் இருக்கின்றன. இன்வெனியோ என்ற இணையப் பட்டியலில் படகின் எண்ணைத் தேடி, ஸ்கேன் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் பிரதி கேட்டு எழுதலாம். அமெரிக்கத் தேசியக் காப்பகத்தின் டி1022 நுண்படச் சுருள்களிலும் ஜெர்மன் கடற்படை ஆவணங்கள் உண்டு. கையெழுத்துப் பழைய ஜெர்மன் சாய்வெழுத்தாக இருந்தால் இன்றைய ஜெர்மன் தெரிந்தவருக்கும் ஓடாது. தட்டச்சுப் பிரதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிரிட்டிஷ் பக்கம் லண்டன் கியூவில் உள்ள காப்பகத்தில் ஏடிஎம் 137, ஏடிஎம் 53 தொகுதிகள். பின்னது கப்பல்களின் அன்றாடப் பதிவேடு. ஆனால் மூழ்கிய கப்பலின் கடைசிப் பதிவேடு கப்பலோடு போயிருக்கும். அபூகீரின் செப்டம்பர் ஏட்டைத் தேடி நாளை வீணாக்காமல், விசாரணைச் சாட்சியங்களுக்குப் போங்கள்.

படம் போடும் முன்

1914இன் யு-9 இன்று எங்கும் இல்லை. கிடைக்கும் படங்களில் சகோதரப் படகுகளும் கலந்திருக்கும், ஆகவே கோபுரத்திலோ மூக்கிலோ எண் தெரியாத படத்துக்கு ‘யு-9 வகைப் படகு’ என்று மட்டும் தலைப்பிடுங்கள். உள்ளே எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமானால் மியூனிக் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் வெட்டித் திறந்து வைத்திருக்கும் யு-1இன் படங்களைப் பயன்படுத்தலாம். அதிலும் கோர்டிங் மண்ணெண்ணெய் எஞ்சின்தான். ஆனால் யு-1 சுமார் 42 மீட்டர் நீளமுள்ள சிறிய படகு, முன்னால் ஒரே ஒரு டார்பிடோக் குழாய். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் குழாயிலிருந்து இரண்டு டார்பிடோ சேர்ந்து எப்படிப் போனது என்று யாராவது நியாயமாகக் கேட்பார்கள்.